ஓடு கழற்றும் காலம்

பிள்ளைகளை எதுவரையில் காத்துக்கொள்வது, கைவிடாமலே கையை எடுப்பது எப்போது என்னும் கேள்வி இன்று நம் இல்லங்கள்தோறும் கேட்கிறது. பிளஸ் டூ முடித்த மகளை வெளியூருக்கு அனுப்பிப் படிக்க வைக்கலாமா? மகன் தான் விரும்பிய பாடத்தை எடுக்கலாமா, தந்தை விரும்பியதைத்தான் எடுக்க வேண்டுமா? குருமடத்துக்குப் போக விரும்பும் ஒரே மகனை விட்டுக்கொடுக்கலாமா? தன் வாழ்க்கைத் துணையைத் தானே தேர்ந்துகொண்ட மகளுக்குப் பிறந்த வீட்டுக் கதவு திறந்திருக்குமா? வீடு சந்திக்கச் செல்லும்போது இவ்வினாக்கள் ஏதேனும் ஒரு வடிவில் நம் காதில் விழாமல் இருப்பதில்லை. பெற்றோர் தரும் விடையும் பெரும்பாலும் ஒன்றே: "எல்லாம் அவங்க நன்மைக்குத்தான், சாமி." இவ்விடையில் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இதில் அடங்கிவிடுகிறதா? பாதுகாப்பு எப்போது அன்பாக இருக்கிறது, எப்போது அது சிறையாக மாறுகிறது? இதுவே நாம் இங்குச் சிந்திக்க விழையும் பொருள்.

இச்சிந்தனைக்குத் துணையாக ஒரு சிற்றுயிரை அழைத்துக்கொள்கிறோம். அது நண்டு. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் வாழ்கிற நமக்கு நண்டு இரு வகையில் அறிமுகம். ஒன்று, மலையோடைக் கற்களின் அடியிலும் நெல்வயல் வரப்புகளிலும் வளை தோண்டி வாழும் நன்னீர் நண்டு. மற்றொன்று, கடற்கரைச் சந்தைகளில் கவ்வுகால்கள் கட்டப்பட்ட நிலையில் உயிரோடு விற்கப்படும் பெரிய சேற்று நண்டு. கழி நண்டு என்றும் இதைச் சொல்வார்கள். முன்னது மலைக்கும் வயலுக்கும் உரியது. பின்னது அலையாத்திக் காட்டுக்கு உரியது.

இவ்விரண்டுக்கும் இடையே ஓர் ஆறு ஓடுகிறது. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைத் தொட்டுக் கிழக்கே சென்று, சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலக்கிறது. தாமிரபரணி புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. புனித சவேரியார் 1544-ஆம் ஆண்டில் மடல்கள் எழுதிய ஊர் அது. அண்டிறிக்கி அடிகளார் தமிழ் கற்றுப் பணியாற்றிய ஊரும் அதுவே. அந்தக் கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள் உப்பு நீரில் வேரூன்றி நிற்கின்றன. பேரருவியில் நம் தலைமீது விழும் நீர் இறுதியில் அவ்வேர்களை நோக்கியே செல்கிறது. அந்நீரின் தொடக்கத்தில் ஒரு நண்டு, முடிவில் மற்றொரு நண்டு. தம் குஞ்சுகளை உலகுக்குத் தரும் முறையில் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை.

முதலில் அலையாத்திக் காட்டு நண்டைப் பார்ப்போம். பழவேற்காடு, பிச்சாவரம், முத்துப்பேட்டை என நம் கடற்கரையின் கழிமுகங்களில் இது வாழ்கிறது. உயிரியலார் இதற்கு ஸ்கில்லா என்னும் பேரினப் பெயர் தந்திருக்கின்றனர். இப்பேரினத்தில் நான்கு இனங்கள் உண்டென 1998-இல் வரையறுத்தார்கள். அவற்றுள் ஒன்றின் பெயரில் நம் தரங்கம்பாடி இடம்பெற்றிருக்கிறது. டேனியர் அவ்வூரை ஆண்ட காலத்தில், 1798-இல், ஃபப்ரீசியுஸ் என்னும் அறிஞர் அதற்கு 'ட்ராங்குபாரிக்கா' என்று பெயர் சூட்டினார். இப்பேரினத்தின் மிகப் பெரிய இனத்துக்கு ஓட்டின் குறுக்களவு இருபது சென்டிமீட்டரைத் தாண்டும். எடை இரண்டு கிலோவுக்கும் மேற்போகும்.

இவ்வளவு பெரிதாக அது எப்படி வளர்கிறது? இங்குதான் நமக்கு முதற்பாடம் கிடைக்கிறது. நம் எலும்பு உடலுக்குள் இருக்கிறது. உடலோடு சேர்ந்து வளர்கிறது. நண்டுக்கோ எலும்பு வெளியே ஓடாக இருக்கிறது. ஓடு ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு அது விரியாது. உள்ளே தசை வளர வளர, நேற்றுவரை கோட்டையாக இருந்த ஓடு இன்று நெருக்கும் சுவராகிவிடுகிறது. ஆகவே நண்டு அதைக் கழற்றியாக வேண்டும். பழைய ஓட்டின் அடியில் மெல்லிய புதுத்தோல் உருவானபின், பின்புறத்தில் ஓடு பிளக்கிறது. அப்பிளவின் வழியாக நண்டு பின்னோக்கி நகர்ந்து தன்னைத் தானே உருவிக்கொண்டு வெளியேறுகிறது. கால்களின் உறை, கண்ணின் உறை, இரைப்பையின் உட்படலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறது. வெளிவந்தவுடன் நீரை உறிஞ்சி உடலைப் பெருக்கிக்கொள்கிறது. புதிய ஓடு ஓரளவு இறுகவே சில நாட்கள் ஆகும். அதுவரையில் அதற்குக் கவசம் இல்லை. கவ்வுகாலில் வலிமை இல்லை. மீனும் தின்னலாம், சக நண்டும் தின்னலாம். சேற்று நண்டு வளர்ப்போர் மிகவும் அஞ்சுவது இந்த வேளையைத்தான். ஒரே குளத்தில் ஓடு முற்றிய நண்டு, ஓடு கழற்றிய நண்டைக் கொன்று தின்றுவிடும்.

ஓடு கழற்றாத நண்டு வளர்வதில்லை. ஓடு கழற்றிய நண்டோ பிழைக்கும் என்ற உறுதி இல்லை. வளர்ச்சிக்கு இறைவன் வைத்த வழி இத்தகையதாக இருக்கிறது. அதுமட்டுமன்று. சண்டையில் காலை இழந்த நண்டுக்கு மீண்டும் கால் முளைப்பது உண்டு. அந்தப் புதுக்காலும் ஓடு கழற்றும்போதுதான் வெளிப்படுகிறது. இறுகிய ஓட்டுக்குள் இருந்துகொண்டே எந்த நண்டும் தன் ஊனம் நீங்கப் பெறுவதில்லை. ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றி மறைக்கல்வியில் எவ்வளவோ சொல்லியிருக்கிறோம். பழைய மனித இயல்பைக் களைந்துவிடும்படி புனித பவுல் கொலோசை மக்களுக்கு எழுதினார். அவர் சொன்னதன் பொருள், இச்சேற்று உயிரின் வாழ்வை அறிந்தபின் நமக்குச் சற்றுக் கூடுதலாகவே விளங்குகிறது. களைவது என்பது அழுக்கு உடையை மாற்றுவதுபோல எளிதானது அன்று. தன்னைக் காத்துவந்த ஒன்றையே விட்டுவிட்டு, காவலற்ற நிலையில் சிறிது காலம் நிற்பது அது.

இரண்டாம் பாடம், அந்தக் காவலற்ற காலத்தைப் பற்றியது. பெண் நண்டு பருவம் எய்துவதும் ஓர் ஓடு கழற்றலில்தான் நிகழ்கிறது. அதுவரை முக்கோணமாக இருந்த அதன் வயிற்று மடல், அதன்பின் அகன்று வட்ட வடிவாகிறது. பின்னாளில் முட்டைகளைத் தாங்கப்போகும் மடல் அது. இக்கழற்றலுக்குச் சில நாட்கள் முன்பே ஓர் ஆண் நண்டு அவளைத் தேடிவந்து, தன் கால்களால் அணைத்து, தனக்கு அடியில் வைத்துச் சுமந்து திரிகிறது. அவள் ஓடு கழற்றும்வரை காத்திருக்கிறது. அவள் உடல் மென்மையாக இருக்கும் அவ்வேளையிலேயே இணைசேர்தல் நிகழ்கிறது. அதன் பின்னும் ஆண் உடனே விலகிச் செல்வதில்லை. அவளுடைய ஓடு இறுகும்வரை தன் ஓட்டை அவளுக்குக் கூரையாக வைத்துக் காவல் இருக்கிறது. இறுகியதும் விட்டுவிடுகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இயற்கையை அப்படியே அறநூலாக வாசிப்பது தவறு. காவல் காக்கிற அதே நண்டு, வேறொரு வேளையில் மென்மையான மற்றொரு நண்டைத் தின்னவும் தயங்காது. அதன் காவலுக்குப் பின்னால் தன் வித்தைக் காத்துக்கொள்ளும் இயல்பூக்கம் இருக்கிறது என்று உயிரியலார் சொல்வர், அது சரியே. புனித தோமா அக்குவினாரைப் பின்பற்றித் திருச்சபை கற்பிப்பதும் இதுவே: எல்லா உயிர்களும் இறைத் திட்டத்திற்கு உட்பட்டவை, ஆனால் மனிதன் மட்டுமே தன் அறிவாலும் விருப்பாலும் அத்திட்டத்தில் பங்குகொள்கிறான். நண்டு தேர்ந்தெடுப்பதில்லை. நாம் தேர்ந்தெடுக்கிறோம். மென்மையான ஒருவர் நம் முன் நிற்கும்போது கூரையாவதா, கொடுக்காவதா என்ற தேர்வு நமக்குத்தான் இருக்கிறது. ஆகவே நண்டு நமக்கு விடை சொல்வதில்லை. கேள்வியைத் தெளிவாக்குகிறது, அவ்வளவே.

மூன்றாம் பாடம் முட்டையைப் பற்றியது. இணைசேர்ந்த பெண் நண்டு ஆணின் வித்தைத் தன் உடலில் பல மாதங்கள் சேமித்து வைத்திருக்கும். முட்டையிடும் காலம் நெருங்கும்போது தான் வளர்ந்த அலையாத்திக் காட்டை விட்டுப் புறப்படுகிறாள். கழியைக் கடந்து, முகத்துவாரத்தைக் கடந்து, திறந்த கடலுக்குச் செல்கிறாள். இருபது இலட்சம், ஐம்பது இலட்சம் என்று எண்ணத்தக்க முட்டைகளைத் தன் வயிற்று மடலின் அடியில் ஒட்டவைத்துச் சுமக்கிறாள். ஏறக்குறைய பத்திலிருந்து பதினான்கு நாட்கள் அவற்றுக்கு நீரோட்டம் கிடைக்கும்படி அசைத்துக்கொண்டே இருக்கிறாள். மஞ்சளும் செம்மையுமாக இருந்த முட்டைகள் கறுத்து வரும்போது, இளவுயிர்கள் வெடித்து நீரில் பரவுகின்றன. அந்த இளவுயிர்களுக்கு நண்டின் உருவமே இராது. ஐந்து நிலைகளைக் கடந்து, ஆறாம் நிலையில் சற்றே நண்டைப்போலத் தோன்றி, அதன்பின் சில மில்லிமீட்டர் அளவுள்ள குட்டி நண்டாகி, அலையாத்திக் காட்டின் நிழலைத் தேடித் திரும்பி வருகின்றன. இதற்கு ஒரு மாதம்போல ஆகிறது.

தாய் ஏன் இவ்வளவு தொலைவு செல்ல வேண்டும்? தன் வளைக்குள்ளேயே முட்டையைப் பொரிக்கக் கூடாதா? கூடாது. மழைநீரும் ஆற்றுநீரும் கலந்து உப்புக் குறைந்த கழியில் அந்த இளவுயிர்கள் பிழைப்பதில்லை. தாய்க்கு வாழ்வு தரும் நீரே குஞ்சுக்குச் சாவாகிவிடும். தனக்கு இதமான இடத்திலேயே குஞ்சையும் வைத்துக்கொள்ள விரும்பினால், ஒன்றும் எஞ்சாது. சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீருயிரி வளர்ப்பு மையம், தொடுவாயில் சேற்று நண்டுக் குஞ்சுகளைப் பொரிக்கும் பண்ணை ஒன்றை நடத்துகிறது. நீரின் உப்பு, வெப்பம், உணவு, தூய்மை எல்லாவற்றையும் அளந்து கொடுத்தாலும், இப்படிப்பட்ட பொரிப்பகங்களில் பொரித்தவற்றுள் சிறுபங்கே குட்டி நண்டாகத் தேறும். கடலில் தேறுவது அதனினும் மிகக் குறைவு.

இப்போது ஆற்றின் தொடக்கத்துக்குத் திரும்புவோம். குற்றால மலையின் ஓடைகளிலும் தென்காசி வயல்களிலும் வாழும் நன்னீர் நண்டு கடலைக் கண்டதே இல்லை. அதன் முட்டைகள் இலட்சக்கணக்கில் இல்லை. எண்ணிக்கையில் மிகச் சில. ஆனால் பெரியவை, உணவு நிறைந்தவை. நீரில் மிதந்து அலையும் இளநிலை எதுவும் அவற்றுக்கு இல்லை. முட்டைக்குள்ளேயே எல்லா நிலைகளையும் முடித்துக்கொண்டு, வெளிவரும்போதே குட்டி நண்டாக வருகிறது. வந்தபின்னும் சில காலம் தாயின் வயிற்று மடலுக்குள் ஒண்டிக்கொண்டிருக்கிறது. அருவியின் வேகத்தில் இலட்சம் முட்டைகளைக் கொட்டினால் அத்தனையும் அடித்துச் செல்லப்படும். ஆகவே மலைநண்டு பற்றிக்கொள்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், மரப்பொந்துகளில் தேங்கும் மழைநீரில் வாழும் ஒரு நண்டைக்கூட 2017-இல் அறிவியலார் உலகுக்கு அறிவித்தார்கள். காணிப் பழங்குடியினரின் பெயரால் அதற்குக் 'காணி மரஞண்டு' என்றே பெயர் வைத்தார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஏற்றபடி வாழ்வைத் தாங்கும் வழியைப் படைத்தவர் தந்திருக்கிறார்.

இந்த இரு தாய்களில் எவள் நல்ல தாய்? கடலில் விட்டவளா, மடியில் வைத்தவளா? இக்கேள்வியை இப்படிக் கேட்பதே பிழை என்று நமக்குத் தோன்றுகிறது. கடலில் விட்டவளும் முதலில் பத்துப் பதினான்கு நாட்கள் சுமந்துதான் விட்டாள். மடியில் வைத்தவளும் குட்டிகளுக்குக் கால் உறுதிப்பட்டபின் இறக்கித்தான் விடுகிறாள். இருவரும் பற்றிக்கொள்கிறார்கள், இருவரும் விட்டுவிடுகிறார்கள். காலத்தின் அளவுதான் வேறு. அந்த அளவைத் தீர்மானிப்பது தாயின் மனநிறைவு அன்று. குஞ்சு எந்த நீரில் வாழப்போகிறது என்பதே. பெற்றோர் தம்மை அடிக்கடி கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதிலிருந்து பிறக்கிறது: நான் பற்றியிருப்பது பிள்ளையின் தேவைக்காகவா, என் அச்சத்துக்காகவா?

நண்டைப் பற்றி நம் முன்னோர் கொண்டிருந்த ஒரு நம்பிக்கை இங்கு நினைவுக்கு வருகிறது. ஐங்குறுநூற்றில் நண்டுக்கென்றே 'கள்வன் பத்து' என ஒரு பகுதி உண்டு. கள்வன் என்பது நண்டின் பழம்பெயர். குஞ்சு பிறக்கத் தாய் நண்டு சாகும் என்னும் எண்ணம் அப்பத்திலேயே காணப்படுகிறது. பிற்காலப் புலவர்களும் நண்டு, சிப்பி, மூங்கில், வாழை ஆகியவை ஈன்றால் அழியும் என்று பாடிவைத்தார்கள். தாயின் மடலுக்குள்ளிருந்து குட்டிகள் கூட்டமாக வெளிவருவதைக் கண்டவர்கள், அவை தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வருவதாக எண்ணியிருக்கலாம். கழற்றிப் போட்ட முழு ஓட்டைக் கரையில் கண்டு, தாயின் பிணம் என்று கருதியிருக்கலாம். உண்மையோ வேறு. முட்டை பொரித்தபின் தாய் நண்டு சாவதில்லை. சேமித்த வித்தைக்கொண்டு மீண்டும் ஒருமுறை, ஏன் அதற்கு மேலும்கூட, முட்டையிட வல்லது.

அந்தப் பழைய நம்பிக்கை நம் குடும்பங்களில் வேறொரு வடிவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. தாய் என்றால் பிள்ளைக்காகச் செத்துப்போக வேண்டும். தந்தை என்றால் பிள்ளைக்காகத் தேய்ந்துபோக வேண்டும் என்று எண்ணுகிறோம். தியாகம் உயர்ந்தது, அதில் ஐயம் இல்லை. ஆனால் அத்தியாகம் பின்னாளில் கடன்பத்திரமாக மாறுவதை நாம் காண்கிறோம். "உனக்காக நான் செத்தேனே, நீ என் சொல்லைத் தட்டுகிறாயே" என்னும் ஒரு சொல் போதும். மகள் வாயடைத்துப்போகிறாள், மகன் தன் அழைத்தலை விட்டுவிடுகிறான். சந்தையில் நண்டின் காலைக் கட்டும் கயிற்றைவிட இக்கயிறு வலியது, கண்ணுக்கும் தெரியாது. நம் ஆண்டவர் நமக்காக உயிரையே கொடுத்தார். ஆயினும் அச்சாவைக் காட்டி யாரையும் அவர் கட்டாயப்படுத்தவில்லை. செல்வந்தனாகிய இளைஞன் முகவாட்டத்தோடு திரும்பிப் போனபோது அவர் அவனைத் துரத்திச் செல்லவில்லை. அன்போடு நோக்கியவர், போகவும் விட்டார். உண்மையான தியாகம் பெற்றவரைக் கட்டாமல் விடுவிக்கிறது.

"அப்படியானால் பிள்ளைகளை எப்படியும் போகட்டும் என்று விட்டுவிடச் சொல்கிறீர்களா? வெளியே குடி இருக்கிறது, போதை இருக்கிறது, கைபேசி வழியாக வரும் வஞ்சனை இருக்கிறது. கடலில் விட்ட முட்டைகளில் எத்தனை பிழைத்தன என்று நீங்களே சொன்னீர்களே" என்று பெற்றோர் கேட்கலாம். இது நேர்மையான கேள்வி. இதற்கு மழுப்பலான விடை சொல்லக் கூடாது. விட்டுவிடுவதில் இழப்பு உண்டு. இறைவன் படைத்த கடலிலேயே அந்த இழப்பு உண்டு. கடலில் மடியும் இளவுயிர்கள் மீன்களுக்கு உணவாகின்றன, மீன்கள் கடலோர மக்களுக்கு உணவாகின்றன என்று சொல்லி நாம் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு தாய்க்கு அவள் பிள்ளை இலட்சத்தில் ஒன்று அன்று. அவளுக்கு அதுவே எல்லாம். தலைமுடியும் எண்ணப்பட்டிருக்கிறது என்று கற்பித்த ஆண்டவருக்கும் அப்படித்தான். எனவே நண்டுக்குப் போதுமான விடை நமக்குப் போதாது.

நமக்குரிய விடையை லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் தந்திருக்கிறார். இளைய மகன் சொத்தில் தன் பங்கைக் கேட்டபோது, அவன் அழிந்துபோகக்கூடும் என்பது அத்தந்தைக்குத் தெரியாமல் இராது. ஆனாலும் பிரித்துக் கொடுத்தார், போகவும் விட்டார். கதவைப் பூட்டவில்லை, காலைக் கட்டவில்லை. அதே வேளையில் அவர் கைகழுவவும் இல்லை. மகன் தொலைவில் வரும்போதே கண்டுகொண்டார் என்றால், அவர் கண் அந்தப் பாதையை விட்டு அகலவில்லை என்பதுதானே பொருள்? விடுவது வேறு, கைவிடுவது வேறு. முன்னது அன்பின் உயர்நிலை. பின்னது அன்பின் சாவு. மகளை வெளியூருக்கு அனுப்பலாம். ஆனால் அவள் எந்த நள்ளிரவிலும் அழைக்கலாம், எந்த நிலையிலும் திரும்பி வரலாம் என்ற உறுதியை அவள் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். அந்த உறுதி இல்லாமல் அனுப்புவது அலட்சியம். அந்த உறுதி இருந்தும் அனுப்ப மறுப்பது அச்சம்.

அன்னை மரியாவும் இவ்வழியில் நடந்தவரே. பன்னிரண்டு வயதில் மகனைக் காணாமல் மூன்று நாட்கள் தேடினார். கோவிலில் கண்டபோது அவர் தந்த மறுமொழி புரியவில்லை என்றே நற்செய்தி சொல்கிறது. புரியாததை உள்ளத்தில் வைத்துக்கொண்டார். நாசரேத்தில் ஆண்டாண்டுகள் பற்றிக்கொண்டிருந்தவர், யோர்தானை நோக்கிப் போகும்போது தடுக்கவில்லை. கல்வாரியில் அருகில் நின்றார். பற்றுதல், விடுதல், அருகில் நிற்றல் ஆகிய மூன்றும் ஒரே அன்பின் மூன்று காலங்கள்.

இவ்வளவும் பெற்றோருக்கு மட்டும் உரியதன்று; பங்குச் சமூகம் முழுவதற்கும் உரியது. நம் நடுவே ஓடு கழற்றிய நிலையில் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். குடியை விட்டுவிட்டு மறுவாழ்வு இல்லத்திலிருந்து ஊர் திரும்பியவர், முதல் ஞாயிறு திருப்பலிக்கு வந்து கடைசி வரிசையில் நிற்கிறார். கணவனை இழந்த பெண் முதன்முறையாக வேலைக்குப் புறப்படுகிறாள். மணமாகி மூன்று மாதமான மருமகள் அந்நிய வீட்டில் தன் இடத்தைத் தேடுகிறாள். தேர்வில் தோற்ற மாணவன் தெருவில் தலைகுனிந்து நடக்கிறான். இவர்கள் பழைய கவசத்தைக் கழற்றிவிட்டார்கள். புதியது இன்னும் இறுகவில்லை. சரியாக அந்த நாளில்தான் நாம் பழைய கதையை எடுக்கிறோம். "இவன் எத்தனை நாளைக்கு?" என்று சிரிக்கிறோம். அவர் மீண்டும் பழைய ஓட்டைத் தேடி ஓடினால், அக்குற்றத்தில் நமக்கும் பங்கு இல்லையா? வலிமையானவர்கள் வலுவற்றவர்களின் குறைகளைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று உரோமையருக்குப் பவுலடியார் எழுதியது இத்தகைய நாட்களுக்காகத்தான். ஓடு இறுகும்வரை கூரையாக நில்லுங்கள், இறுகியபின் விலகிக்கொள்ளுங்கள். உதவி செய்தவர் காலமெல்லாம் எசமானராக இருக்க முயல்வதும் ஒருவகைக் கயிறே.

பாதுகாப்பைப் பற்றிய இக்கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நண்டின் தாய்மைக்கு அலையாத்திக் காடும் கடலும் ஆறும் ஒருசேர வேண்டும். ஒன்று கெட்டாலும் வட்டம் அறுந்துவிடும். 2015-இல் வெளிவந்த 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், அலையாத்திக் காடுகள் மறைந்துவருவதை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் கவலையோடு குறிப்பிட்டிருக்கிறார். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பெண் சேற்று நண்டைப் பிடித்து வைத்துக்கொள்வதே சட்டப்படி குற்றம். ஆண் நண்டாயினும் பதினைந்து சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்ப நீரில் விட வேண்டும். நம் சந்தையிலோ சினை நண்டு என்றால் சுவை அதிகம் என்று கேட்டு வாங்குகிறோம். ஒரு சினை நண்டில் இலட்சக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன என்பது குழம்பு கொதிக்கும்போது நினைவுக்கு வருவதில்லை. சாரல் காலத்தில் அருவிக்கரையில் நாம் விட்டுவரும் சோப்பு நுரையும் ஷாம்பு உறைகளும் சிற்றாற்றின் வழியே எங்குப் போய்ச் சேரும் என்பதும் நினைவுக்கு வருவதில்லை. மலையில் இருப்பவர் கடலோரத்தாருக்கு அயலார் என்று நினைப்பது, ஆற்றின் போக்கை அறியாதவரின் எண்ணம்.

கடலில் தவறிய புனித சவேரியாரின் பாடுபட்ட சுரூபத்தை ஒரு நண்டு தன் கவ்வுகால்களில் ஏந்திக் கரையில் சேர்த்தது என்னும் மரபுக் கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். 1546-இல் மலுக்குத் தீவுகளின் அருகே நிகழ்ந்ததாக அது சொல்லப்படுகிறது. முதுகில் சிலுவைக் குறி உடைய ஒருவகைக் கடல் நண்டை நம் கடற்கரை மக்கள் சிலுவை நண்டு என்றே அழைக்கிறார்கள். கதையை வரலாறாக நிறுவுவது நம் நோக்கமன்று. அதில் நம் மனத்தைத் தொடுவது, நண்டு சுரூபத்தைப் பற்றிக்கொண்ட விதமும் விட்டுக்கொடுத்த விதமும்தான். அலை அடித்துச் செல்லாதபடி இறுகப் பற்றியது. உரியவர் கரையில் நின்றபோது கவ்வலைத் தளர்த்தியது. தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

பிள்ளைகள் நமக்குக் கொடுக்கப்பட்டவர்கள். நமக்கென்று கொடுக்கப்பட்டவர்கள் அல்லர். அலை பெரிதாக இருக்கும்வரை பற்றிக்கொள்வோம். அவர்களை அழைத்தவர் கரையில் நிற்பதைக் காணும்போது கையைத் தளர்த்துவோம். அப்போது நமக்கும் ஓர் ஓடு கழலும், சில நாட்கள் காவலற்று நிற்போம், வலிக்கும். அந்த வலியில் நாமும் சற்று வளர்வோம் என்று நம்பலாம். இந்த ஆண்டு தேர்வு முடிவு வரும் நாளில், வரன் பேசும் நாளில், பெட்டி கட்டும் நாளில், வாய் திறக்குமுன் ஒரு கணம் நின்று நம்மைக் கேட்டுக்கொள்வோம்: இது அவர்கள் தேவையா, நம் அச்சமா? விடை தெளிவாகும்வரை மௌனமாகச் செபிப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.